முந்தின ஆட்டம்

பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கும் அருமைநாயகம் வாத்தியாரும் திருநெல்வேலிக் கோர்ட்டு வக்கீல் ஹரிஹரசுப்பிரமணியனும் ஆற்றுப் பாலத்தில் எதிரெதிரே வர நேர்ந்தால், ஒருவர் ஆறு வருகிற பக்கம் பார்ப்பார், மற்றவர் ஆறு போகிற பக்கம் பார்ப்பார். நடுவே ஒரு மாட்டுவண்டி வந்தால் இன்னும் நல்லது. மறைந்துகொள்ளத் தோதாக இருக்கும். இப்படியே பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. படித்தவர்கள் சண்டை போட்டால் இதுதான் வம்பு. படிக்காதவர்களாக இருந்தால் அந்த வாரமே சந்தையில் கட்டிப் புரண்டுவிட்டு, அடுத்த வாரம் ஒரே வண்டியில் ஏறிச் சீவலப்பேரிக் கோயில் கொடைக்குப் போயிருப்பார்கள்.

சண்டைக்குக் காரணம் சொத்து இல்லை, பெண் இல்லை. சதுரங்கம்.

நம்மூர் ஆட்டத்தில் ராஜாவுக்கு ஒரு சலுகை உண்டு. ஒரு ஆட்டத்தில் ஒரே ஒரு தரம் அவர் குதிரையைப் போலத் துள்ளலாம். நாலு பக்கமும் அடைத்துக்கொண்டு மூச்சு முட்டும்போது அந்தத் துள்ளல்தான் உயிர் காக்கும். ஆனால் அதற்கு முன்னால் எதிராளி அவருக்கு ஒரு தடவைகூடச் செக் வைத்திருக்கக் கூடாது. அந்த ஆட்டத்தில் ஒரே ஒரு செக் விழுந்திருந்தாலும் துள்ளல் போச்சு.

இருவரும் காலேஜில் படித்த நாளில், சனிக்கிழமை தவறாமல் குறுக்குத்துறைக் கல்மண்டபத்தில் ஆடுவார்கள். கட்டங்கள் மண்டபத்துத் தரையிலேயே செதுக்கிக் கிடந்தன. அன்றைக்கு அவர்களுக்கு அது மூன்றாவது ஆட்டம். கூடப் படிக்கிற பையன்கள் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். அருமைநாயகம் ராஜாவை எடுத்துத் துள்ள வைத்தார். ஹரிஹரன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"துள்ளல் போயாச்சுவே. என் குதிரை செக் வச்சுதே, மறந்துட்டீரா?"

"அது முந்தின ஆட்டம்" என்றார் அருமைநாயகம்.

"இந்த ஆட்டம்தான்."

"இல்லவே. அது முந்தின ஆட்டம்."

ஹரிஹரனுக்குத் தோற்பது பிடிக்காது. சுற்றி ஆள் நிற்கும்போது தோற்பது அறவே பிடிக்காது. "வேதக்காரா பொய் சொல்ல மாட்டான்னு ஊரெல்லாம் சொல்றது. நீர் நன்னாச் சொல்றீரே" என்றார். பையன்கள் சிரித்துவிட்டார்கள்.

அருமைநாயகத்தின் அப்பா கிறிஸ்தவ சபையில் உபதேசியார். அந்த வீட்டில் பிள்ளைகள் தட்டை உடைத்தால் திட்டு. உடைக்கவில்லை என்று சொன்னால்தான் பிரம்பு. அப்படி வளர்ந்தவரை, அதுவும் சபையோடு சேர்த்து, பத்துப் பேர் நடுவில் பொய்யன் என்று சொன்னால் எப்படி இருக்கும்? எழுந்து, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி ஆற்றைக் கடந்து வீட்டுக்குப் போய்விட்டார். நடு ஆற்றில் அழுதார் என்பது தாமிரபரணிக்கு மட்டும் தெரியும்.

இப்போது 1913. அருமைநாயகத்துக்கு இலங்கையில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் தூத்துக்குடியில் கப்பல். பெட்டிகள் கட்டியாகிவிட்டன. அந்த நேரம் பார்த்து வண்ணார்பேட்டை வாசகசாலையில் சதுரங்கப் போட்டி வைத்தார்கள். ஜெயிப்பவருக்கு ஒரு வெள்ளிக் கோப்பை. அருமைநாயகம் பெயர் கொடுத்தார். வெள்ளிக் கோப்பையை வைத்துக்கொண்டு அவர் என்ன கஞ்சியா குடிக்கப் போகிறார்? ஹரிஹரன் பெயர் கொடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் கொடுத்தார்.

போட்டியோ இங்கிலீஷ் முறைப்படி. சிப்பாய் எடுத்த எடுப்பில் இரண்டு கட்டம் பாயலாம். மந்திரி இருந்த இடத்தில் ராணி உட்கார்ந்திருக்கிறாள். ராஜாவுக்குத் துள்ளல் கிடையாது. இதையெல்லாம் பழகிக்கொள்ள வீட்டில் அவருக்குக் கிடைத்த ஒரே ஆள் அவர் மனைவி சாரம்மாள். அவளும் நன்றாக ஆடுவாள். அண்ணன் தம்பி ஐந்து பேரோடு ஆடி ஜெயித்த கை. ராணி வந்ததை அவள் உடனே ஒப்புக்கொண்டாள். துள்ளலை எடுத்ததை மட்டும் ஒப்புக்கொள்ளவே இல்லை.

"ஒரு தடவ துள்ளக்கூட முடியலன்னா அவரு என்ன ராஜா?" என்பாள். சமயம் வந்தால் துள்ளியும் விடுவாள். அவளுக்கு ஈடுகொடுக்க இவரும் துள்ளுவார். இப்படித்தான் வாத்தியார் இங்கிலீஷ் முறை பழகினார்.

இறுதி ஆட்டத்துக்கு இரண்டே பேர் மிஞ்சினார்கள். யார் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று மத்தியானம் அருமைநாயகம் கோட்டை மாட்டிக்கொண்டு, தலைப்பாகையை மூன்றாவது தரமாக அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது சாரம்மாள் வந்து எதிரே நின்றாள்.

"ஒண்ணு கேக்கேன், நெசத்தச் சொல்லுங்க. அங்கன போயி ஜெயிக்கணுமா, இல்ல அந்த ஐயரு உங்ககிட்ட பேசணுமா?"

"ரெண்டுந்தான்."

"ரெண்டுக்கும் சேத்து ஜெபம் பண்ண மாட்டேன். ஆசைக்கு ஒரு அளவு இருக்கு. ஒண்ணச் சொல்லுங்க."

அருமைநாயகம் தலைப்பாகையின் நுனியைக் கையில் பிடித்தபடி நின்றார். கடல் தாண்டிப் போகப் போகிறோம். திரும்பி எப்போது வருவோமோ. வந்தாலும் அவர் இருப்பாரோ, நாம் இருப்போமோ. அந்த ஒரு சொல்லை முதுகில் சுமந்துகொண்டு கப்பல் ஏற அவருக்கு மனசில்லை. அதைச் சொன்ன வாயே எடுத்துக்கொள்ள வேண்டும்.

"பேசணும்" என்றார்.

"அப்ப சரி, போயிட்டு வாங்க. தோத்துட்டு வந்து என்னையக் குத்தம் சொல்லக் கூடாது."

வாசகசாலையில் நல்ல கூட்டம். கோர்ட்டு குமாஸ்தாக்கள், வாத்திமார், மேலப்பாளையத்திலிருந்து ஜவுளிக்கடை தாஜ் முகம்மது, காலையில் கோயிலுக்குக் கும்பிட வந்து வக்கீலுக்காக அப்படியே தங்கிவிட்ட கல்லிடைக்குறிச்சிக்காரர்கள் நாலைந்து பேர் என்று ஜன்னல் வரைக்கும் ஆள். நடுவர் காசிலிங்கம் பிள்ளை. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம் போனாலும் விதி வாசிக்கிற ஆசை போகவில்லை. ஒரு பழைய இங்கிலீஷ் புஸ்தகத்தைப் பார்த்து அவரே விதிகளைத் தமிழில் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் முதலிலிருந்து கடைசி வரை வாசிப்பார். கேட்டே தீரவேண்டும்.

"ஆட்டக்காரர்கள் 'செக்' என்பதைத் தவிர ஒருவரோடொருவர் பேசலாகாது" என்று வாசித்தார். அருமைநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். வந்ததே பேச்சுக்காக, பேசவே கூடாது என்று ஒரு விதி. "காயைத் தொட்டவர் அந்தக் காயையே நகர்த்தவேண்டும். ஒருவர் விதிக்கு மாறாக ஒரு காயை நகர்த்திவிட்டால், எதிராளி இஷ்டப்பட்டால் அதே காயை விதிப்படி நகர்த்தச் சொல்லலாம். இஷ்டப்பட்டால் நகர்த்தியது நகர்த்தியபடியே இருக்க விடலாம்."

"இருக்க விடுத அளவுக்கு எவம்யா கிறுக்கன்?" என்றார் தாஜ் முகம்மது. கூட்டம் சிரித்தது. காசிலிங்கம் பிள்ளை மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து அடக்கினார்.

ஹரிஹரன் வந்து எதிரே உட்கார்ந்தார். பன்னிரண்டு வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. காதோரம் நரைத்திருந்தது. யோசிக்கும்போது கட்டைவிரலால் புருவத்தை நீவும் பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் அருமைநாயகத்துக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் பழைய சனிக்கிழமைகளின் ஞாபகம் வந்தது. மனுஷர் முகத்தைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தார்.

ஆட்டம் தொடங்கியது. நடு ஆட்டம் வரை வாத்தியார் கை ஓங்கியிருந்தது. ஹரிஹரன் அவசரப்பட்டு ஒரு குதிரையை வெளியே விட்டார். அதை வாத்தியார் ஒரு சிப்பாயை வைத்தே பிடித்துவிட்டார். கூட்டத்தில் பள்ளிக்கூடத்து ஆட்கள் முழங்கையால் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். வாத்தியார் தன் ராஜாவை மூலைப்பக்கம் கொண்டுபோய், முன்னால் மூன்று சிப்பாய்களை மதில் மாதிரி நிறுத்திப் பத்திரப்படுத்தியும் ஆகிவிட்டது. அவர் ராஜாவுக்கு அதுவரை ஒரு செக்கும் விழவில்லை.

வக்கீல் புருவத்தை நீவினார். வெகுநேரம் நீவினார். பிறகு தன் யானையை எடுத்து, தடை ஏதும் இல்லாத வரிசையில் கொண்டுபோய் வைத்தார்.

அருமைநாயகத்துக்கு உடனே விளங்கிவிட்டது. அடுத்த நகர்த்தலில் அந்த யானை நேராக இறங்கிக் கடைசி வரிசைக்கு வரும். ராஜாவுக்கு முன்னால் நிற்கிற மதிலே அவரைப் பிடித்துக்கொடுத்துவிடும். வெளியே வர வழியில்லை, ஆட்டம் முடிந்தது. அதற்கு மருந்தும் தெரிந்தது. ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னால் தள்ளினால் ராஜாவுக்கு ஒரு ஜன்னல் திறந்துவிடும். சின்ன வேலை. மூச்சை விட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

கை சிப்பாய்க்குப் போகவில்லை. மூச்சு முட்டுகிற ராஜாவைப் பார்த்ததும் அது வீட்டில் எதைச் செய்யுமோ அதைச் செய்தது. ராஜாவைத் தூக்கி, சிப்பாய்களின் தலைக்கு மேலாக ஒரு துள்ளு துள்ளவைத்து வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டது.

வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது.

ஜன்னல் பக்கத்திலிருந்து எவனோ, "வாத்தியாரு கள்ளாட்டம் ஆடுதாருடோய்" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதே மாதிரி சிரிப்பு. கல்மண்டபத்தில் கேட்டதேதான், குரல்கள் மட்டும் தடித்திருந்தன. அருமைநாயகத்தின் காது மடல் பற்றி எரிந்தது. எந்தச் சொல்லைக் கழற்றிப் போடலாம் என்று வந்தாரோ அதையே இரண்டாந்தரம், ஊர் கூடியிருக்கும்போது, தன் கையாலேயே எடுத்து மாட்டிக்கொண்டாயிற்று. 'பழக்கதோஷத்தில் கை போய்விட்டது' என்று சொல்ல வாயைத் திறந்தார். சொன்னால்தான் யார் நம்பப் போகிறார்கள்?

காசிலிங்கம் பிள்ளை எழுந்து மேஜையைத் தட்டினார். அவர் எழுதிவைத்த அந்த விதிக்கு இன்றைக்குத்தான் முதல்முதலாக வேலை வந்திருக்கிறது. முகத்தில் அந்தச் சந்தோஷம் மறைக்க முடியாமல் தெரிந்தது.

"சத்தம் போடாதீங்க. வக்கீலையா, விதி உங்களுக்குத் தெரியும். ராஜாவ எடுத்து மொறப்படி நகத்தச் சொல்லுதீங்களா, இப்படியே இருக்கட்டுங்கீங்களா? உங்க இஷ்டம்."

கேட்க வேண்டிய கேள்வியே இல்லை அது. ராஜாவைத் தொட்டாயிற்று, தொட்டவர் அதைத்தான் நகர்த்தவேண்டும். பழைய இடத்தில் வைத்து இந்தப் பக்கம் ஒரு கட்டம், இல்லை அந்தப் பக்கம் ஒரு கட்டம். எந்தப் பக்கம் போனாலும் யானை இறங்கினால் தீர்ந்தது. வெள்ளிக் கோப்பை ஹரிஹரன் வீட்டு அலமாரிக்குப் போய்விடும். கல்லிடைக்குறிச்சிக்காரர்கள் இப்போதே அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டார்கள்.

ஹரிஹரன் பலகையைப் பார்த்தார். துள்ளி வந்து நடுவெளியில் தன்னந்தனியாக நிற்கிற அந்த ராஜாவையே பார்த்தார். புருவத்தை நீவவில்லை. பிறகு தலையைத் தூக்கி, பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, அருமைநாயகத்தின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"இருக்கட்டும்" என்றார்.

காசிலிங்கம் பிள்ளைக்கு விளங்கவில்லை. "என்னது இருக்கட்டும்?"

"ராஜா வச்ச எடத்துலயே இருக்கட்டும். அவருக்குத் துள்ளல் உண்டு. நான் இன்னும் செக் வைக்கலை."

"வக்கீலையா, இது இங்கிலீசு ஆட்டம். இதுல ஏது துள்ளலு?"

ஹரிஹரன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கோர்ட்டில் பேசிப் பழகிய குரல். ஜன்னலில் தொற்றிக்கொண்டு நின்றவனுக்குக்கூடக் கேட்டது.

"என் குதிரை செக் வச்சது வாஸ்தவம். ஆனா அது இந்த ஆட்டத்துல இல்லை. அவர் சொன்னதுதான் நெஜம். அது முந்தின ஆட்டம்."

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. எந்தக் குதிரை, எந்த முந்தின ஆட்டம், யார் என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. வக்கீலுக்கு வெயில் ஏறிவிட்டது என்று சிலர் நினைத்தார்கள். விளங்கவேண்டிய ஒருவருக்கு விளங்கியது. அருமைநாயகம் இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். பத்துப் பேர் முன்னால் போட்ட சொல்லை, மனுஷன் நூறு பேர் முன்னால் எடுத்துக்கொண்டுவிட்டார்.

"ஆட்டக்காரர்கள் பேசலாகாதுன்னு விதி இருக்கு" என்று காசிலிங்கம் பிள்ளை முணுமுணுத்தார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆட்டம் தொடர்ந்தது. இதற்குப் பிறகு அருமைநாயகம் ஜெயித்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. யானையின் பிடியிலிருந்து தப்பிய ராஜா, வெளியே வந்து நடுத்தெருவில் நின்றால் என்ன ஆகும்? ராணியும் யானையுமாகச் சேர்ந்து அவரை மேலும் கீழுமாக விரட்டினார்கள். அருமைநாயகத்துக்கோ கண் கலங்கிக் கலங்கி, கறுப்புக் கட்டம் எது வெள்ளைக் கட்டம் எது என்றே சரியாகத் தெரியவில்லை. கூடுதலாக இருந்த குதிரையையும் எங்கோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். சாயங்காலம் விளக்கு ஏற்றுகிற வேளைக்கு ராஜா மாட்டிக்கொண்டார். ஹரிஹரனுக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள். அதை அவர் ஏதோ குடையை வாங்கிக்கொள்வது மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

வாசலில் வக்கீலின் வண்டி மேற்கே பாலத்தைப் பார்த்து நின்றது. அவர் வண்டிக்காரனை அனுப்பிவிட்டு, கிழக்கே பாளையங்கோட்டை ரோட்டில் வாத்தியாரோடு நடக்கத் தொடங்கினார். இரண்டு பக்கமும் வயலில் தவளைச் சத்தம்.

"எப்ப தெரிஞ்சது?" என்று கடைசியில் அருமைநாயகம் கேட்டார்.

"அன்னைக்கே தெரியும்வே. சுவாமி கோவில் வாசல் வரதுக்குள்ளயே தெரிஞ்சுடுத்து. மனசுக்குள்ள ஆட்டத்தைத் திருப்பி ஆடிப் பார்த்துண்டே நடந்தேன். அந்தச் செக் ரெண்டாவது ஆட்டத்துல விழுந்தது."

"அப்புறம் ஏன்வே சொல்லல?"

"மறுநாள் சொல்லணும்னு நெனச்சேன், வெக்கமாயிருந்தது. மறுமாசம் நெனச்சேன், ஒரு மாசம் கழிச்சு என்னத்தச் சொல்றதுன்னு இருந்தது. அப்படியே வருஷமாயிடுத்து. நாளாக ஆக வாயைத் தெறக்கறது கஷ்டமாயிடுறதுவே." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீர் சிலோன் போறதாக் கேள்விப்பட்டேன். அதனாலதான் போட்டிக்கே பேர் குடுத்தேன். ஆனா எதிர உக்காந்தப்புறமும் வாய் வரலை. உம்ம ராஜா துள்ளினார், எனக்கு வழி தெறந்துது" என்றார்.

அருமைநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் ஒரே காரியத்துக்காகப் பெயர் கொடுத்து, இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். துள்ளத் தெரியாத கையாக இருந்திருந்தால் அப்படியே எழுந்தும் போயிருப்பார்கள். இது தெரிந்தால் சாரம்மாள் சும்மா விடமாட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

சாரம்மாள் விளக்கோடு வாசலில் நின்றாள். முதலில் கோப்பை யார் அக்குளில் இருக்கிறது என்று பார்த்தாள்.

"தோத்துட்டீங்களா?"

"ஆமா. நல்லாவே தோத்துட்டேன்."

பிறகு பின்னால் நிற்கிற ஆளைப் பார்த்தாள். விளக்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். "அதான் மத்தியானமே சொன்னேம்லா, ஒண்ணுக்குத்தான் ஜெபம் பண்ணுவேன்னு" என்றாள். "உள்ள வாங்கய்யா."

அந்தக் காலத்தில் வேதக்காரர் வீட்டில் ஐயர் காப்பி குடிப்பதில்லை. குடி என்று சொல்லி அவரைச் சங்கடப்படுத்துகிறவளும் அல்ல அவள். ஒன்றும் கேட்காமல் கொல்லைக்குப் போய் இரண்டு இளநீரைச் சீவிக்கொண்டு வந்து வைத்தாள். பிறகு கட்டி வைத்த பெட்டிகளுக்கு நடுவே ஒரு பாயை விரித்து, பலகையை எடுத்துப் போட்டாள்.

"எந்த ஆட்டம்? நம்மூரு ஆட்டமா, இங்கிலீசு ஆட்டமா?"

"நம்மூர் ஆட்டந்தாம்மா" என்றார் ஹரிஹரன்.

காய்களை அடுக்கினார்கள். இந்தத் தடவை அவசரமில்லாமல், பழைய சனிக்கிழமை மாதிரி, இளநீரை உறிஞ்சிக்கொண்டு பைய ஆடினார்கள். கொஞ்ச நேரத்தில் ஹரிஹரனின் குதிரை பாய்ந்துவந்து வாத்தியாரின் ராஜாவுக்கு எதிரே நின்றது. ஹரிஹரன் காயிலிருந்து விரலை எடுக்கவில்லை. கோர்ட்டில் நிற்கிற மாதிரி நிமிர்ந்துகொண்டு சாரம்மாளைத் திரும்பிப் பார்த்தார்.

"நன்னாப் பார்த்துக்கோங்கோம்மா, நீங்கதான் சாட்சி. செக் வச்சாச்சு. இந்த ஆட்டத்துல."

அருமைநாயகத்துக்குப் பலகை தெரியவில்லை. வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துள்ளல் போய்விட்ட தன் ராஜாவை எடுத்து ஒரு கட்டம் நகர்த்தி வைத்தார்.